சம்பந்தி தூக்குகிற பெட்டி

மணி ஆறுகூட ஆகவில்லை, அதற்குள் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். இந்த ஊர்ச் சூரியனுக்குத் தூங்குகிற பழக்கமே கிடையாதுபோல. செண்பகவடிவு டீச்சர் கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், எப்படிப் பார்த்தாலும் அந்தச் சிவப்பு விளக்கு அங்கேயேதான் இருந்தது. கால்மாட்டுக்கு நேரே, வண்டியின் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில், மிளகாய் விதை அளவுக்கு ஒரு வெளிச்சம். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அது எரிய ஆரம்பித்ததும் சம்பந்தி சங்கரலிங்கம் அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து, “சிவப்பு வந்தாச்சு. பெட்டி ஃபுல். இனி ஒரு சொட்டு உள்ள போனாலும் தரையெல்லாம் வந்துரும். காலையில ஒம்பது மணிக்கு அந்த கேம்ப்காரன் கேட்டைத் திறப்பான், போய்க் காலி பண்ணிட்டுத்தான் மத்ததெல்லாம்” என்று சட்டம் போட்டுவிட்டார். தன் மகன் பரணியைப் பார்த்துத்தான் சொன்னார். காதில் வாங்கியது டீச்சர். பரணி சிரித்துக்கொண்டே டார்ச்சோ துண்டோ எதுவும் இல்லாமல் பாறைப் பக்கம் போய்விட்டு வந்தான், ஆம்பிளைக்கு என்ன, உலகமே அவனுக்குச் சுவர்தான். மகள் இளவேனிலும் தலையில் பூச்சிக்கான வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, “அம்மா, வாறியா? யாரும் இல்ல” என்று கூப்பிட்டாள். கல்யாணமாகி எட்டு மாதமான பெண், இந்த ஊரில் ஆறு வருஷம் இருந்தவள், பழகிப்போயிற்று. யாரும் இல்லையாமே! நூறடியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், மரமா, புதரா, ஒரு கருவேலஞ்செடியாவது உண்டா, கண்ணுக்கு எட்டிய மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல், அப்புறம் ஏரி, அப்புறம் மலை. “எனக்கு வரலட்டி, நீ போ” என்றாள். அப்போதும் முட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் பதினோரு மணி நேரம் ஆகப்போகிறது. ஒன்பதுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

சக்கரம் வைத்த வீடு என்று மருமகன் ஆசைப்பட்டு எடுத்தது இந்த வண்டி. ஸ்காட்லாந்தின் வடக்கே, பேர் வாயில் நுழையாத ஏரிக்கரைகளில் நிறுத்திக்கொள்ளலாம், ஓட்டல் வேண்டாம், யார் தயவும் வேண்டாம் என்றான். சம்பந்தியம்மா புத்திசாலி, வண்டியை ஒரு தடவை ஏறிப் பார்த்தாள், கதவைத் திறந்து அந்தப் பீங்கான் மாதிரியான சமாச்சாரத்தைப் பார்த்தாள், “இதுல போனது எங்க போகும்?” என்று கேட்டாள். அடியில் ஒரு பெட்டி, அது நிரம்பினால் வெளியே இருந்து உருவி எடுத்துக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று பரணி சொன்னதும், “மூட்டுவலி, நான் வீட்லயே இருக்கேன்” என்று கிளாஸ்கோ வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடுத்துவைத்தவள். இவளும் அப்படி ஒரு மூட்டுவலியைச் சொல்லியிருக்கலாம், மகளோடு நாலு நாள் இருக்கலாமே என்ற ஆசைதான் இழுத்துக்கொண்டு வந்தது. அதிலும் யாரோடு! பெண்ணைக் கொடுத்த இடம். சம்பந்தி வீட்டார் முன்னால் சத்தமாய் ஏப்பம்கூட விட்டதில்லை. கல்யாணப் பந்தியில் அண்ணாச்சி கைகழுவத் தண்ணீர் ஊற்றக்கூட இவள் ஆள் வைத்தாள். அந்த மனுஷர் இங்கே வந்ததும் வராததுமாய், குடிநீர் வாரியத்தில் முப்பத்திநாலு வருஷம் குப்பை கொட்டியவரல்லவா, “தண்ணியும் கழிவும் என் டிபார்ட்மெண்டு, யாரும் கைவைக்கக் கூடாது” என்று எடுத்துக்கொண்டார். குழாய்த் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சங்கரன்கோவிலிலிருந்து கொண்டுவந்த மருந்தை இரண்டு சொட்டு விட்டு, குளோரின் இருந்தால் மாறுமே, மஞ்சளாய் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மாறியது. வெள்ளைக்காரனுக்குப் பாஸ் மார்க் போட்ட மாதிரி தலையை ஆட்டினார். வண்டித் தொட்டித் தண்ணீர் கழுவ, பாத்திரம் விளக்க. குடிக்கிறதுக்குத் தனியாய்ப் பத்து லிட்டர் கேன், அதில் பேனாவால் கோடு, அதிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில், மூடியில் ஆளுக்கு ஒரு எழுத்து. இவள் பாட்டிலில் ‘டீ’ என்று போட்டிருந்தார், டீச்சருக்கு.

பெட்டி விஷயத்தில்தான் அந்த மனுஷருக்கே கணக்குத் தப்பியது. வண்டி வாடகைக்காரன் நாலு பேருக்கு மூன்று நாள் தாங்கும் என்றான். அவன் சொன்னது காகிதக் கணக்கு. நம்முடையது சொம்புக் கணக்கு. கதவுக்கு உள்ளே மகள் ஒரு பச்சை மக்கை வைத்திருந்தாள், நாலு பேரும் நாலு தடவை, தடவைக்கு அரை மக் என்றாலும் என்ன ஆகும்? ஒன்றரை நாளில் நிரம்பிவிட்டது. முந்தாநாள் காலை ஒரு கேம்ப்பில் வண்டியை நிறுத்தி, அண்ணாச்சி பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து அதை உருவினார். டீச்சர் சமையல் மேடை ஜன்னலில் நின்றிருந்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அதற்குக் கீழே சக்கரம் வேறு. சூட்கேஸ் இழுத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் “குட்மார்னிங்” சொல்லிக்கொண்டு, தன் மருமகளின் அம்மாவுடையதை இழுத்துக்கொண்டு போனார். உள்ளே கிடந்து அது தளும்பியது, இவளுக்குக் கேட்டது. கண்ணாடி மூடியிருந்தது, எப்படிக் கேட்கும், ஆனாலும் கேட்டது. அட கடவுளே, இந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி முழிப்பேன், பொங்கலுக்குப் படி கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் எப்படி நிற்பேன் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்தவர் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, “டீச்சரம்மா, காபி இருக்கா?” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்தக் காபியைக் கலக்கும்போதே இவள் முடிவு பண்ணிவிட்டாள். குடித்தால்தானே வரும்? குடிக்க வேண்டாம். அன்றிலிருந்து பாட்டிலைத் திறப்பாள், உதட்டில் வைப்பாள், மூடுவாள். யாரும் பார்க்காத நேரத்தில் கேனுக்குள்ளேயே திரும்ப ஊற்றிவிடுவாள். தண்ணீரை வீணாக்க மனசு வராது அவளுக்கு, பழக்கம் அப்படி.

பழக்கம் என்றால் இன்று நேற்றுப் பழக்கமா. கடையம் பக்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம், டீச்சர்மாருக்கு ஒரு கக்கூஸ், அதற்குத் தாழ்ப்பாள் இருந்த வருஷம் தண்ணீர் இல்லை, தண்ணீர் வந்த வருஷம் கதவு இல்லை. காலை எட்டுக்கு வீட்டில் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில்தான். அதுவும் பரவாயில்லை, எலெக்ஷன் டூட்டி என்று ஒன்று வருமே, முதல் நாள் மத்தியானம் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்கள், பெட்டியும் காகிதமும் ஏஜெண்டுகளுமாய் ஒரு ராத்திரி ஒரு பகல், அங்கே வந்த பெண்டுகள் எல்லோருமே ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்பில் சிறுநீரகத்தைப் படமாய் வரைந்து, அவரை விதை வடிவம், ஒரு நாளைக்கு எவ்வளவு வடிகட்டுகிறது தெரியுமா, நிறையத் தண்ணீர் குடியுங்கள் பிள்ளைகளா என்று பாடம் நடத்தினாள்! பிள்ளைகளும் தலையை ஆட்டிவிட்டுக் குடிக்காமல்தான் இருந்தன, அதுகளுக்கு அந்தக் கக்கூஸ்கூடக் கிடையாது. பதிமூன்று வருஷம் முன்னால் இடது பக்கம் கல் என்றார்கள், அதோடு கிருமி ஏறிக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். டாக்டரம்மா சின்னப் பெண், திட்டித் தீர்த்தாள். “டீச்சர், இனிமே மூணு லிட்டர். அடக்கவே கூடாது. இன்னொரு வாட்டி கிருமி மேல ஏறினா அந்தக் கிட்னி போயிரும், உயிருக்கே ஆபத்து, புரியுதா?” புரிந்தது. புரியாமலா. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற புருஷன்காரர் அழுதேவிட்டார், அந்த மனுஷரும் போய் நாலு வருஷம் ஆகிறது. மகளுக்கு இதில் பாதி தெரியாது, அப்போது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை நேரம், சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தார்கள்.

இப்போது அந்த இடது பக்கம்தான். விலா முடிகிற இடத்துக்குக் கீழே, முதுகுப் பக்கமாய், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. நேற்று மத்தியானம் போனபோது எரிந்தது, சொட்டுச் சொட்டாய் வந்தது, சரி, சூடு என்று நினைத்தாள், இந்தக் குளிரில் என்ன சூடு? ராத்திரி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பளிக்குள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், ஒரு காய்ச்சல் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் எச்சிலில் முழுங்கினாள், அது இன்னும் தொண்டையிலேயே கசக்கிறது. எழுப்பலாமா? எழுப்பி என்ன சொல்ல? ஏட்டி வேனி, அம்மாவுக்கு ஒண்ணுக்கு வருது என்று சொல்லவா? அவ்வளவு சின்ன விஷயம். அதைச் சொன்னால் பரணி எழுந்திரிப்பான், அவர் எழுந்திரிப்பார், மூன்று பேரும் சேர்ந்து அதைப் பற்றி யோசிப்பார்கள், பெட்டி நிரம்பி வழிந்தால் அண்ணாச்சி துணியை எடுத்துக்கொண்டு முட்டி போட்டுத் தரையைத் துடைப்பார், அவர் துடைப்பார், அதுதான் பயம், அவர் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால்கூடத் தேவலை. இல்லை, ஒன்பது மணி வரை பொறுத்துவிடலாம். மணி ஆறு இருபது. ஆறு இருபத்தொன்று. காலை ஒருக்களித்து மடக்கினால் கொஞ்சம் தாங்குகிறது, நீட்டினால் செத்தோம். கேம்ப்புக்கு ஒற்றை ரோட்டில் நாற்பது நிமிஷம், பள்ளத்துக்குப் பள்ளம் குதித்துக்கொண்டு, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று கையைக் காட்டி, ஆடு குறுக்கே வந்தால் அது நகர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு. ஐயோ, ஆடு வேறு இருக்கே. அதற்குப் பிறகு அங்கே போய், கேம்ப் கக்கூஸ் கதவைத் திறந்து, அதை நினைக்காதே, நினைத்தாலே வந்துவிடும், வேறு எதையாவது நினை. கிளாஸ்கோவுக்குப் போனதும் தேங்காய்த் துவையல் அரைக்க வேண்டும், மகள் கேட்டாள். தேங்காய், தேங்காய்த் தண்ணீர், சே. மேலே பரணி புரண்டு படுத்தான், வண்டி முழுக்க அசைந்தது, இவள் இரண்டு கையாலும் மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி வேர்த்திருந்தது, உள்ளங்கால் ஐஸாய் இருந்தது, இது எதனுடைய அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கிடந்தாள்.

ஏழரைக்கு எதிர்ப் படுக்கையின் திரை விலகியது. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகனையும் மருமகளையும் எழுப்பிவிட்டு, வழக்கம்போல ஆய்வு தொடங்கினார். டீச்சர் எழுந்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு, குனிந்தாற்போல உட்கார்ந்திருந்தாள். தொட்டித் தண்ணீர் கால்வாசி, சரி. பெட்டி சிவப்பு, சரி. குடிக்கிற கேனைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். “பரணி, நேத்து முந்தாநேத்து ரெண்டு நாளும் நீ தண்ணி குடிச்சியால?” “குடிச்சேன்பா. ஏன்?” “நீம்மா?” “குடிச்சேன் மாமா, ரெண்டு பாட்டில்.” “நானும் குடிச்சேன். அப்ப இந்தக் கேன் நேத்தே காலி ஆயிருக்கணும். இன்னும் நாலு லிட்டர் கிடக்கு.” பரணி சிரித்தான். “மிச்சம் இருந்தா நல்லதுதானப்பா, இதுக்கு என்கொயரியா?” “எல, கொறஞ்சா ஒழுக்குன்னு கண்டுபிடிச்சிரலாம். கொறையாம இருந்தாத்தான் பயப்படணும்.” கேட்கப்போகிறார், இதோ கேட்கப்போகிறார். அவள் முந்திக்கொண்டு, “நானும் குடிச்சேன் அண்ணாச்சி, நல்லாவே குடிச்சேன்” என்றாள். யாரும் அவளைக் கேட்கவே இல்லை. குரல் தனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார், வெடித்துத் தோல் உரிந்திருந்த உதட்டை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பரணி, வேனியக் கூட்டிட்டு அந்தப் பாறை வரைக்கும் நடந்துட்டு வா. போட்டோ எடுக்கணும்னியே.” “இப்பவா? பூச்சி பிடுங்கிரும்பா.” “வலையப் போட்டுக்க. அரை மணி நேரம் இந்தப் பக்கம் வரப்படாது.” முணுமுணுத்துக்கொண்டே இரண்டும் போயின. மகள் மட்டும் படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், டீச்சர் கையை ஆட்டிப் போ போ என்றாள். அண்ணாச்சி கதவுப் படியில் இறங்கி நின்றார், முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஏரியிடம் பேசுகிற மாதிரி பேசினார். “டீச்சரம்மா, சிவப்பு எரிஞ்சதுக்குப் பெறகும் ரெண்டு லிட்டருக்கு எடம் இருக்கு. வாடகைக்காரன் எங்கிட்டச் சொன்னான். நான்தான் பரணி சும்மா சும்மா தண்ணிய ஊத்தி ரொப்பிருவான்னு அவனை மிரட்ட அப்படிச் சொல்லி வச்சேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்.” “நான் அங்க தள்ளி நிக்கேன். எதுனாலும் ஒரு குரல் குடுங்க.” வலைத்தொப்பியை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது, இருபதடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, பொடிப் பூச்சிகள் மேகமாய் மொய்க்க, அடித்துக்கொள்ளக்கூடக் கை தூக்காமல் நின்றார். நேற்றிலிருந்து இரண்டு லிட்டர் இடத்தை வைத்துக்கொண்டு சட்டம் பேசியிருக்கிறார் மனுஷர்! கோபம் வந்தது. நிஜமாகவே கோபம், ஓங்கி ஒன்று வைக்கலாம்போல. அடுத்த நொடி, சட்டம் அவர் போட்டார், அடக்கிக்கொண்டு கிடந்தது யார், ஒரு வார்த்தை கேட்டாளா என்று அந்தக் கோபம் இவள் பக்கமே திரும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்று எட்டு நடப்பதற்குள் கண் இருட்டியது.

உட்கார்ந்தாள். வரவில்லை. இவ்வளவு நேரம் முட்டியது, இப்போது வா என்றால் வரவில்லை. தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள், மக்கைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த படத்தில் எதை எதைப் போடக்கூடாது என்று குறுக்குக் கோடு போட்டிருந்ததை ஒவ்வொன்றாய்ப் படித்தாள், வா தாயே, வந்துவிடு என்று வயிற்றிடம் கெஞ்சினாள். பிறகு வந்தது, நெருப்பாய் வந்தது, கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம். நின்றது. இன்னும் கொஞ்சம். முடிந்ததும் வேர்வை வழிந்தது, அழுகிறோமா என்று தொட்டுப் பார்த்தாள், அழுதுகொண்டுதான் இருந்தாள். எழுந்து குனிந்து பார்த்தாள். பீட்ரூட் கழுவின தண்ணீர் மாதிரி சிவந்திருந்தது, நடுவில் ஒரு கட்டி, நூல் பிரிந்து ஓடுகிற மாதிரி ஓரத்தில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ரத்தம். கை தானாய்ப் பக்கத்து நெம்புகோலுக்குப் போனது. இழுத்தால் போதும், அடியில் தகடு விலகும், எல்லாம் கீழே போய்விடும், மேலே ஒரு மக் தண்ணீர், பளிச்சென்று வெள்ளையாகிவிடும், எந்தப் பாவிக்கும் தெரியாது. கிளாஸ்கோ போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இன்னும் ஒரு நாள்தானே, ஆசையாய் வந்த பிள்ளைகள், எட்டு மாதக் கல்யாணம், சம்பந்தி வீட்டாரோடு முதல் பயணம், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்று ஆயுசுக்கும் பேச்சாகும், சீக்குக்காரியை மறைத்துப் பெண்ணைக் கொடுத்தார்கள் என்று சம்பந்தியம்மா சொல்லமாட்டாள், சொல்லமாட்டாள்தான், ஆனால் நினைத்தால்? இழு. இழுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய்ச் சிரி. முப்பது வருஷமாய்ச் செய்ததுதானே. விரல் நெம்புகோலில் இருந்தது. விலாவுக்குக் கீழே அந்தக் கட்டைவிரல் இப்போது கத்தியாய்த் திரும்பியது, ஒரு நாள் தாங்காது என்று உடம்பு சொன்னது, தெளிவாகச் சொன்னது, பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் இல்லை, சண்டைக்காரியின் குரலில். இழுத்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வாயால் சொன்னால் குறைத்துத்தான் சொல்வாள், லேசாய்க் காய்ச்சல் என்பாள், சூடு என்பாள், தன்னை அவளுக்குத் தெரியாதா.

கையை எடுத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். மகள் பாறைப் பக்கம் எங்கோ தூரத்தில் சிவப்புச் சட்டையாய்த் தெரிந்தாள், கூப்பிட்டால் கேட்காது. கேட்கிற தூரத்தில் ஒரே ஆள்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி” என்றாள். சத்தம் வரவில்லை. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சிலைக் கூட்டி முழுங்கிவிட்டு, வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரலை எடுத்துக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி! இங்க வாங்க. ஒண்ணு காட்டணும், நான் இன்னும் கொட்டல.” அவர் திரும்பினார், ஓடி வந்தார், முகமெல்லாம் தடித்துப்போயிருந்தது. வண்டி ஆட, ஒரே எட்டில் படியேறினார். அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், மூடியைச் சாத்தவில்லை.